இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான்... தோட்டத்திலேயே காய்ச்சி எடுக்கலாமா?

கேள்வி: ''எங்களுக்கு இரண்டு ஏக்கர் மஞ்சளும் ஒன்றரை ஏக்கர் மரவள்ளியும் இருக்கின்றன. போன வருஷம் அடைமழையில் மஞ்சளில் கிழங்கழுகல் வந்து பாதிக்குப் பாதி போய்விட்டது. இறால் ஓட்டை காஸ்டிக் சோடாவில் வேக வைத்தால் கைட்டோசான் கிடைக்கும், அதைத் தெளித்தால் அழுகல் வராது, மிச்சத்தை விற்றுக் காசும் பார்க்கலாம் என்கிறான் என் மகன். கடலூரிலிருந்து ஓடு ஏற்றிவர ஆளும் பார்த்துவிட்டான். நகையை வைத்துப் பணம் புரட்டச் சொல்கிறான். இறங்கலாமா?''

*- வாசகர், வடக்கனந்தல், கள்ளக்குறிச்சி மாவட்டம்.*

பதில்: உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. கைட்டோசான் பயிருக்கு உதவும் பொருள்தான். இறால், நண்டு ஓடுகளிலிருந்துதான் உலகம் முழுக்க அதை எடுக்கிறார்கள். ஆனால், அது தோட்டத்துக் கொட்டகையில் அடுப்பு மூட்டி எடுக்கக்கூடிய பொருள் அல்ல. அதைவிட முக்கியமான விஷயம், உங்கள் மஞ்சளை அழுக வைத்த நோய்க்கு அது நம்பகமான மருந்தும் அல்ல. ஆகையால், நகை வீட்டிலேயே இருக்கட்டும். காரணங்கள் கீழே.

ஓட்டுக்குள் என்ன இருக்கிறது?

காய்ந்த இறால் ஓட்டில் மூன்று பொருள்கள் பிரதானம். ஒன்று சுண்ணாம்பு (கால்சியம் கார்பனேட்), இரண்டாவது புரதம், மூன்றாவது கைட்டின். வீட்டுக்குக் கம்பி, ஜல்லி, சிமென்ட் போல இந்த மூன்றும் சேர்ந்துதான் ஓடு கெட்டியாக நிற்கிறது. உலர்ந்த ஓட்டில் கைட்டின் சுமார் 20 முதல் 30 சதவிகிதம் இருக்கும். சுண்ணாம்பையும் புரதத்தையும் நீக்கினால் மிஞ்சுவது கைட்டின். அதை அடர்த்தியான காரத்தில் வேக வைத்து, அதிலுள்ள 'அசிட்டைல்' என்ற பகுதியைக் கழற்றினால் கைட்டோசான். கைட்டின் எதிலும் எளிதில் கரையாது. கைட்டோசான் நீர்த்த அமிலத்தில் கரையும். அதனால்தான் தெளிக்க முடிகிறது.

கைட்டினை முதன்முதலில் இறாலில் கண்டுபிடிக்கவில்லை. 1811-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஹென்றி பிராகோனோ என்ற அறிஞர் காளானிலிருந்துதான் அதைப் பிரித்தார். பூஞ்சையின் உடல் சுவர், வண்டு, வெட்டுக்கிளியின் மேல்தோல், நூற்புழுவின் முட்டை ஓடு எல்லாவற்றிலும் கைட்டின் உண்டு. இந்த விஷயம் பின்னால் உங்கள் மஞ்சளுக்கும் தேவைப்படும்.

ஆலையில் எப்படி எடுக்கிறார்கள்?

இந்தியாவில் இந்தத் தொழில்நுட்பத்துக்கு முன்னோடி, 1957-ல் கொச்சியில் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம். இறால் பதப்படுத்தும் ஆலைகளில் குவியும் தலையையும் ஓட்டையும் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாகத்தான் அங்கே இந்த ஆராய்ச்சி நடந்தது. இறால் எடையில் 40 முதல் 50 சதவிகிதம் தலையும் ஓடுமாகக் கழிந்துவிடும். 2023-24-ல் மட்டும் 7 லட்சம் டன்னுக்கு மேல் உறைய வைத்த இறாலை இந்தியா ஏற்றுமதி செய்திருக்கிறது என்றால், கழிவு எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

செய்முறை மூன்று கட்டம். முதலில் கழுவி உலர்த்திய ஓட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊற வைத்துச் சுண்ணாம்பை நீக்குவார்கள். அடுத்து 3 முதல் 5 சதவிகித காஸ்டிக் சோடா கரைசலில் சூடாக்கிப் புரதத்தை நீக்குவார்கள். கடைசியாக, மிஞ்சிய கைட்டினை 40 முதல் 50 சதவிகித காஸ்டிக் சோடாவில், தண்ணீர் கொதிக்கும் சூட்டை ஒட்டி, ஒன்றிரண்டு மணி நேரம் வேக வைப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் காரம், அமிலம் போகும்வரை நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

10 கிலோ உலர் ஓட்டுக்கு என்ன கணக்கு?

* பச்சை ஓட்டில் முக்கால் பங்குக்கு மேல் ஈரம். 10 கிலோ உலர் ஓடு கிடைக்க 40 முதல் 50 கிலோ பச்சை ஓடு வேண்டும்.
* அதில் 4 கிலோ சுண்ணாம்பு என்று வைத்துக்கொண்டால், அதைக் கரைக்க மட்டும் கடையில் விற்கும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏழெட்டு லிட்டர் செலவாகும்.
* புரதம் நீக்கவும், பிறகு கைட்டினை அதன் எடையைப் போல் பத்து மடங்கு காரக் கரைசலில் வேக வைக்கவும் சேர்த்து, சுமார் 15 கிலோ காஸ்டிக் சோடா தேவை.
* கைக்கு வரும் கைட்டோசான் 2 கிலோவுக்குள்தான்.

ஆலைகளில் அடர் காரத்தை வடித்து மறுபடியும் பயன்படுத்துவார்கள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் இருக்கும். தோட்டத்தில் அது எங்கே போகும்? 15 கிலோ காஸ்டிக் சோடாவில் சோடியம் மட்டும் எட்டரை கிலோ. வாய்க்காலில் விட்டால் கீழ்ப்பாசனக்காரர் நிலத்துக்கு, சொந்த நிலத்தில் விட்டால் சொந்தக் கிணற்றுக்கு. அமிலம் ஊற்றிச் சமன் செய்தாலும் சாப்பாட்டு உப்பாகத்தான் மாறுமே தவிர, சோடியம் மறையாது. மண் இறுகி, தண்ணீர் இறங்காத களர் நிலமாக மாற இதுவே போதும். கோமுகி தண்ணீரில் பாயும் நிலத்துக்கு இந்த வேலை வேண்டாம்.

அடுத்தது உயிர் ஆபத்து. அடர்ந்த காஸ்டிக் சோடா கொதிக்கும்போது ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அதைத் தண்ணீரில் போடும்போதே கரைசல் தானாகச் சூடேறிப் பொங்கும். நம் வீடுகளில் பெரிய பாத்திரம் என்றால் அலுமினிய அண்டாதான். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்துக் கரைக்கும். அப்போது ஹைட்ரஜன் வாயு வரும். கீழே விறகு அடுப்பு எரிந்தால் தீப்பற்றும். வீட்டில் குழந்தைகள், கால்நடைகள் இருக்கிற இடத்தில் இதை முயற்சி செய்யவே கூடாது.

வியாபாரமாகப் பார்த்தாலும் கணக்கு இடிக்கிறது. கடலூர், புதுச்சேரி கரையிலிருந்து உங்கள் ஊர் 100 கிலோமீட்டருக்கு மேல். இறால் ஓடு ஒரே நாளில் நாறிப் புழு வைத்துவிடும். ஏற்றி வரும் எடையில் முக்கால் பங்கு வெறும் தண்ணீர். இது கடற்கரையில், பதப்படுத்தும் ஆலைக்குப் பக்கத்தில் நடக்க வேண்டிய தொழில். 100 லிட்டருக்கு 10 கிராம் என்ற அளவில் ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால், ஒரு ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 20 கிராம்தான் தேவை. அதன் ஐந்து மடங்கு அடர்த்தியில் தெளித்தால்கூட 100 கிராம். மூன்றரை ஏக்கருக்கு அரை கிலோவைத் தாண்டாது. அதற்காக அமிலத்தையும் காரத்தையும் காய்ச்ச வேண்டியதில்லை, வாங்கிக்கொள்ளலாம்.

மஞ்சளுக்கும் மரவள்ளிக்கும் பலிக்குமா?

கைட்டோசான் இரண்டு வழிகளில் வேலை செய்கிறது. சில பூஞ்சைகளின் வளர்ச்சியை நேரடியாகத் தடுக்கும். அதைவிட முக்கியமானது, பயிரை உஷார்ப்படுத்துவது. பூஞ்சையின் உடல் சுவரில் கைட்டின் இருப்பதால், கைட்டின் வகைத் துணுக்குகள் மேலே பட்டதும் 'பூஞ்சை வந்துவிட்டது' என்று பயிர் முன்கூட்டியே தற்காப்பைத் தொடங்கிவிடுகிறது. நெல்லில் இந்தத் துணுக்குகளை அடையாளம் காணும் புரதத்தை ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் வெளியிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் கைட்டோசான் ஹைட்ரோகுளோரைடை, பயிர்ப் பாதுகாப்புக்கான அடிப்படைப் பொருளாக அனுமதித்தது. ஆக, பொருளில் சத்து இல்லாமல் இல்லை. நெல் குலைநோய், மிளகாய்ப் பழ அழுகல், மஞ்சள் இலைப்புள்ளி போன்றவை பூஞ்சையால் வருபவை. நோய் வருவதற்கு முன்பே தெளித்தால் இவற்றில் ஓரளவு பலன் எதிர்பார்க்கலாம். வந்த பிறகு தெளித்தால் பெரிதாகப் பலன் இருக்காது.

ஆனால், மஞ்சள் கிழங்கழுகலுக்குக் காரணம் 'பித்தியம்' என்ற கிருமி. பார்க்கப் பூஞ்சை போல இருந்தாலும் அது வேறு இனம். அதன் உடல் சுவரில் கைட்டின் பிரதானமல்ல, செல்லுலோஸ் வகைப் பொருள்கள்தான் பிரதானம். கைட்டினைத் தின்னும் நுண்ணுயிர்களைப் பெருக்கி அந்தச் சுவரை உடைக்கலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. அந்தக் கிருமி ஓடி வருவதே தேங்கி நிற்கும் தண்ணீரில்தான். ஆகையால், உங்கள் இரண்டு ஏக்கருக்கு முதல் மருந்து வடிகால்.

* மேட்டுப்பாத்தி அல்லது உயரமான பார் அமைத்து, மழைநீர் அன்றைக்கே வடியும்படி வயலைச் சுற்றிக் கால்வாய் வெட்டுங்கள்.
* அழுகல் வந்த வயலிலிருந்து விதைக்கிழங்கு எடுக்காதீர்கள். வெளியே வாங்கினாலும் கையால் பொறுக்கி, மெத்தென்றிருப்பதைக் கழித்துவிடுங்கள்.
* அதே நிலத்தில் மறுபடியும் மஞ்சளோ, இஞ்சியோ வைக்காமல் பயிர் மாற்றுங்கள்.
* நன்கு மக்கிய தொழுவுரத்தில் ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, நடவின்போது இடுங்கள்.
* அழுகல் தெரிந்த செடியை மண்ணோடு பெயர்த்து அகற்றுங்கள். பக்கத்துச் செடிக்குத் தண்ணீர் அதன் வழியாகப் போகக் கூடாது.

மரவள்ளியிலும் இதே கதைதான். தேமல் நோய் வைரஸால் வருகிறது. நோயுள்ள விதைக்குச்சியும் வெள்ளை ஈயும் அதைப் பரப்புகின்றன. வந்த தேமலை கைட்டோசான் போக்காது. தேமல் இல்லாத செடியிலிருந்து குச்சி எடுப்பதும், எதிர்ப்பு ரகம் நடுவதும்தான் வழி. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உங்களுக்கு ஆத்தூர் வழியாகப் போனால் எட்டும் தூரம்தான். குச்சி வாங்கும் முன் ஒருமுறை போய் விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: ''ஓட்டை அப்படியே உரமாகப் போட்டால் நூற்புழு குறையும் என்கிறார்களே, உண்மையா? தக்காளி நாற்றங்காலில் வேர்முடிச்சு அதிகமாக இருக்கிறது.''

*- வாசகர், சின்னசேலம்.*

பதில்: உண்மை இருக்கிறது, அளவுதான் பிரச்னை. ஓட்டுத்தூள் மண்ணில் விழுந்ததும் கைட்டினைத் தின்னும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் பெருகும். நூற்புழுவின் முட்டை ஓட்டிலும் கைட்டின் இருப்பதால், அவை அதையும் தாக்கும். ஓடு மக்கும்போது வெளிவரும் அம்மோனியாவும் நூற்புழுவுக்கு ஆகாது. 1980-களில் அமெரிக்காவில் இறால், நண்டு ஓட்டையும் யூரியாவையும் சேர்த்து 'கிளாண்டோசான்' என்ற பெயரில் நூற்புழுவுக்காகவே ஒரு பொருளைத் தயாரித்தார்கள்.

ஆனால், ஆராய்ச்சிகளில் மண் எடையில் ஒரு சதவிகிதம் போன்ற அளவில் கலந்துதான் நல்ல பலன் பார்த்திருக்கிறார்கள். ஒரு ஏக்கரில் அரை அடி ஆழத்து மண் சுமார் 850 டன். அதில் ஒரு சதவிகிதம் என்றால் எட்டரை டன் ஓட்டுத்தூள். வயல் முழுக்க இட யாருக்கும் கட்டாது. நாற்றங்கால், குழித்தட்டு மண், காய்கறி நடும் குழி போன்ற சிறிய இடங்களுக்கு இது கட்டுப்படியாகும்.

ஓட்டைப் பச்சையாகக் கொட்டாதீர்கள். நாய் கிளறும், ஈ மொய்க்கும், இளம் வேர் வெந்துவிடும். மக்க வைத்துப் போடுவதுதான் நல்லது. பச்சை ஓட்டுக்குப் பதிலாக, கோழித் தீவனத்துக்கென உலர்த்தி விற்கும் இறால் தலைத்தூள் கிடைத்தால் வண்டி வாடகை மிச்சம்.

* உலர்ந்த ஓடு 10 கிலோவை நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி, கடல் உப்பை நீக்கி, காய வைத்து, கொரகொரப்பாக இடியுங்கள். இடிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம்.
* நறுக்கிய கரும்புச் சோகை 60 கிலோ, சாணம் 30 கிலோவுடன் அடுக்கடுக்காகப் போடுங்கள். ஓட்டில் தழைச்சத்து 5 முதல் 7 சதவிகிதம் வரை இருப்பதால், சோகை போன்ற நார்ப்பொருள் சேர்ந்தால்தான் அது ஆவியாகப் போகாமல் நிற்கும். சேகோ ஆலைத் திப்பி கிடைத்தால் சோகையில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்க்கலாம்.
* பிழிந்தால் கை நனையும், சொட்டக் கூடாது. அந்த அளவு ஈரம் போதும். மேலே மண் மூடுங்கள்.
* 15 நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். சூடு தணிந்த பிறகு, அதாவது மூன்று வாரம் கழித்து, டிரைக்கோடெர்மா கலந்தால் அது கைட்டினைத் தின்று பெருகும்.
* வாடை போய், சோகை கையில் பொடியானால் உரம் தயார். இரண்டு, இரண்டரை மாதம் ஆகும்.

ஓட்டில் சுண்ணாம்பு அதிகம். மண் பரிசோதனையில் கார அமில நிலை 8-க்கு மேல் இருந்தால், இந்த உரத்தைத் தொடர்ந்து போடாதீர்கள். கடல் ஓடே கிடைக்காதவர்கள், காளான் பண்ணையில் அறுவடை முடிந்து கழிக்கும் படுக்கையை மக்க வைத்துப் போடலாம். காளான் இழையிலும் கைட்டின் உண்டு.

கேள்வி: ''கடையில் கைட்டோசான் பொடியாகவும், பாட்டிலாகவும் விற்கிறார்கள். எது நல்லது, எப்படிக் கரைப்பது? தண்ணீரில் போட்டால் கரையவே இல்லை.''

*- வாசகர், தியாகதுருகம்.*

பதில்: வெறும் தண்ணீரில் கரையாதது குறை அல்ல. சாதாரண கைட்டோசானின் இயல்பே அதுதான். அமிலம் சேர்ந்தால்தான் கரையும். வாங்கிய பொருள் சரியானதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு டம்ளர் வினிகரில் கால் ஸ்பூன் பொடியைப் போட்டு, ஓர் இரவு விடுங்கள்.

* போட்டவுடன் நுரைத்துப் பொங்கினால், அதில் சுண்ணாம்பு இருக்கிறது. ஓட்டை அரைத்துக் கலந்திருக்கிறார்கள்.
* காலையிலும் அப்படியே அடியில் கிடந்தால் அது கைட்டின், கைட்டோசான் ஆகவில்லை.
* கஞ்சி போலக் கொழகொழவென்று கரைந்திருந்தால் அது கைட்டோசான். அதில் ஆப்ப சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால், நுரை அடங்கிய பிறகு வெள்ளைத் திரியாகப் பிரியும்.

வெறும் தண்ணீரிலேயே கரையும் கைட்டோசான் உப்பும், துண்டாக்கிய கைட்டோசானும் விற்பனையில் உண்டு. அதை லேபிளில் தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். எத்தனை சதவிகிதம் கைட்டோசான், அசிட்டைல் நீக்கம் எவ்வளவு, தயாரித்த தேதி எது என்று பார்த்து வாங்குங்கள். 2021 பிப்ரவரியில் உயிர்த்தூண்டிகளையும் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். விற்பவரிடம் பதிவு விவரம் கேளுங்கள், பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

கரைக்கும் முறை: 750 மில்லி தண்ணீரில் 10 கிராம் பொடியைத் தூவிக் கலக்குங்கள். பிறகு 4 சதவிகித வினிகர் 250 மில்லி ஊற்றி, அவ்வப்போது கலக்கி, இரவு முழுக்க விட்டு, காலையில் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இது ஒரு சதவிகிதக் கரைசல். லிட்டருக்கு 10 மில்லி வீதம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 100 மில்லி கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம்.

போர்வெல் தண்ணீரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கார அமில நிலை ஆறரையைத் தாண்டினால் கைட்டோசான் மறுபடியும் பிரிந்து, நாசிலை அடைத்துவிடும். தெளிக்கும் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து, கரைசலைச் சில சொட்டு விட்டுப் பாருங்கள். திரி திரியாக வந்தால் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் சேருங்கள். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. போர்டோ கலவை, தாமிர மருந்து, சுண்ணாம்பு, சோப்புக் கரைசலோடு கலக்கக் கூடாது. சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா கரைசல்களோடும் ஒரே டேங்கில் வேண்டாம், ஒரு வாரம் இடைவெளி விடுங்கள்.

எந்தப் பயிராக இருந்தாலும் முதலில் நான்கு வரிசைக்குத் தெளித்து, பக்கத்து நான்கு வரிசையை அப்படியே விடுங்கள். ஒரு பருவம் இரண்டையும் குறித்து வைத்துப் பார்த்தால், அடுத்த பருவத்துக்கு வாங்கலாமா, வேண்டாமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். வடக்கனந்தல் வாசகரின் மகனுக்கும் இதுவே யோசனை. 100 கிராம் பொடி வாங்கி, மஞ்சள் இலைப்புள்ளிக்கு நான்கு வரிசையில் சோதித்துப் பார்க்கட்டும். ஓடு ஏற்றிவர வைத்திருக்கும் பணம், மழைக்கு முன் வடிகால் வெட்டும் கூலிக்கு ஆகட்டும்.